எர்வின் குபேனாவும் அல்பினாவின் இடுப்பும்

எர்வின் யோசெஃப் குபேனா, 1957ஆம் ஆண்டு மார்ச் மாதம் பதினொன்றாம் நாள் நோவா ஹோராவில் பிறந்தார். கோயிலின் திருமுழுக்குப் பதிவேட்டில் பன்னிரண்டாம் நாள் என்று இருக்கிறது, அது பிழை. அவரைப் பெற்றவரே என்னிடம் நேரில் திருத்திச் சொன்னபின், எங்கள் குடும்ப ஏட்டில் சரியான நாளை எழுதி, ஓரத்தில் சான்றையும் குறித்து வைத்தேன். பிறர் ஏடுகளில் பிழை கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு சிறு இன்பம் உண்டு. அந்த இன்பத்துக்கு வினை வந்த வரலாறும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

அவர் என் அக்கா ரோசலியின் கணவர். தீவன ஆலையில் மூட்டைகளை ஏற்றி இறக்கும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். நடை, பேச்சு, சாப்பாடு ஆகிய மூன்றிலும் அவரைப்போல் நிதானமான மனிதரை எங்கள் வட்டாரத்தில் காண்பது அரிது. அக்கா கொலாச்சி ரொட்டி சுட்டு வைத்தால், மற்றவர்கள் மூன்றாவதை எடுக்கும்போது அவர் முதலாவதன் நடுவிலிருக்கும் பழக்கூழைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்படிப்பட்டவரிடம்தான் 1986ஆம் ஆண்டு, பந்தைக் கையில் சுமந்து மோதி ஆடும் அமெரிக்க ஃபுட்பாலில், எங்கள் உயர்நிலைப் பள்ளி அணியின் தடுப்பாட்டத்தை ஒப்படைத்தார்கள். தாக்கும் அணி எப்படி ஆடவேண்டும் என்று வகுப்பது தலைமைக் கோச்சின் பொறுப்பு; எதிரி நம் எல்லைக்குள் பந்தோடு நுழையாமல் பார்த்துக்கொள்வது அத்தானின் பொறுப்பு. வெள்ளிக்கிழமைதோறும் ஆலையிலிருந்து நேராக மைதானத்துக்கு வருவார். சட்டைப் பையில் சூரியகாந்தி விதை, தலையில் தீவன ஆலையின் தொப்பி. இருபத்தெட்டு ஆண்டுகளாக மைதான ஓரத்தில் அதே இடத்தில் நின்றதால், அங்கே புல் முளைப்பதில்லை என்பார்கள். நான் போய்ப் பார்த்தேன். முளைத்திருக்கிறது; சற்றுக் குறைவாக.

அவர் வாழ்வில் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சிகள் நான்கு. மூன்று, எல்லார் வாழ்விலும் வருபவை. நான்காவது, 2014ஆம் ஆண்டு கிளேபர்ன் அணியோடு நடந்த ஆட்டம்.

கிளேபர்ன் பதினான்கு மைல் தள்ளியுள்ள ஊர். அவர்களும் நாங்களும் ஐரோப்பாவிலிருந்து குடிவந்த ஒரே மொராவிய வம்சம், ஒரே மறைமாவட்டம். பாதிப் பேர் எங்களுக்கு உறவு, மீதிப் பாதி விரைவில் உறவாகப் போகிறவர்கள். அந்த ஊருக்கு டெவ்லின் என்று ஒரு புதிய கோச் வந்தார். அதுவரை எல்லா அணிகளும் ஒருமுறை பந்தை நகர்த்தியபின் வட்டமாகக் கூடி, குனிந்து, அடுத்து என்ன செய்வதென்று குசுகுசுவென்று பேசிவிட்டுத்தான் மறுபடி வந்து வரிசையில் நிற்பார்கள். அந்த இடைவெளியில் தடுப்பவர்கள் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அத்தான் ஓரத்திலிருந்து கையசைத்து ஏதாவது சொல்லலாம். டெவ்லின் அந்தக் கூடலையே ஒழித்துவிட்டார். விழுந்தவன் எழுவதற்குள் அடுத்த நகர்வு. எல்லைக்குள் ஒருமுறை புகுந்தால் ஆறு புள்ளி, பிறகு பந்தைச் சரியாக உதைத்தால் இன்னொன்று; 2013இல் அவர்கள் எங்களுக்கெதிராக எடுத்தது எழுபத்தொன்று. அத்தான் ஒரு கையசைப்பைத் தொடங்கி முடிப்பதற்குள் இரண்டுமுறை எல்லைக்குள் புகுந்தார்கள் என்பதைக் கண்ணால் கண்டேன்.

அன்று ஒரு தந்திரமும் முயன்று பார்க்கப்பட்டது. அத்தானுடையதல்ல, தலைமைக் கோச்சின் ஏற்பாடு. தடுப்பாட்டக்காரன் ஒருவன் அடிபட்டதுபோல் விழுந்தால் கடிகாரம் நிற்கும், வேகம் அறுபடும் என்று கணக்கிட்டு, கோல்பி ஸ்கிலெனாரை விழச் சொன்னார்கள். கோல்பி வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அவன் தாய் பெர்னடெட், பள்ளி உணவகத்தில் சமைப்பவர், வேலியைத் தாண்டிக் குதித்து மைதானத்தின் நடுவுக்கே ஓடிவந்துவிட்டார்.

"எந்த முட்டிடா?"

பதற்றத்தில் கோல்பி இடது காலைக் காட்டினான்.

பெர்னடெட் சிறிது நேரம் இரண்டு கால்களையும் பார்த்தார். "எழுந்திரு" என்றார். "பொய் சொல்றதுக்காடா ஒனக்கு முட்டி வச்சுப் பெத்தேன்?"

இரண்டு ஊர்களும் அதைக் கேட்டன. இருப்பினும் உண்மையைப் பதிந்தாக வேண்டும்: அந்த நான்கு நிமிடங்கள்தான் அன்று எங்கள் அணிக்குக் கிடைத்த ஒரே ஓய்வு.

மறு ஆண்டு ஆகஸ்டில், பள்ளிக் கண்காணிப்பாளர் ஹென்ஷா அத்தானை அறைக்கு அழைத்தார். ஹென்ஷா டாலஸிலிருந்து வந்தவர். எங்களில் யாருக்கும் உறவில்லை என்பதால் எதையும் நேராகச் சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது.

"போன வருஷம் எத்தனை, குபேனா?"

"எழுபத்தொண்ணு சார்."

"இந்த வருஷம் அவங்க ஐம்பது எடுத்துட்டாங்கன்னா, தடுப்பாட்டத்தை வேற ஆளுக்குக் கொடுக்கறதா போர்டுல முடிவாயிருக்கு. ஹூஸ்டன்ல ஒரு தம்பி இருக்கான். எதிரி என்ன பண்ணப்போறான்னு எல்லாத்தையும் லேப்டாப்புல பாத்தே சொல்லிடுவான்."

"நல்லது சார். அது ஓடுமா?"

"எது?"

"லேப்டாப். மைதானத்துல."

ஹென்ஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பது என்று இன்னொருமுறை சொன்னார். அத்தான் வீட்டுக்கு வந்து அக்காவிடம் இதைச் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னார். சொல்லும்போது விதைகளை உரிக்காமலே மென்றுகொண்டிருந்தார். தீவன ஆலையிலிருந்து நீக்கினால்கூட அவர் அவ்வளவு கலங்கியிருக்கமாட்டார். அங்கே அவருக்குச் சம்பளம் உண்டு. மைதானத்தில்தான் அவருக்கு இடம் உண்டு.

அதன்பின் அவர் செய்த வேலைகளில் நேர்மையானவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இனி யாரும் ஓரத்திலிருக்கும் தம்மைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று கட்டளையிட்டார். முன்பிருந்த இருபத்திரண்டு தடுப்பு ஏற்பாடுகளை மூன்றாகக் குறைத்தார். எதிரணியில் கடைக்கோடியில் நிற்பவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதைப் பார்த்து, மூன்றில் ஒன்றைப் பையன்களே முடிவு செய்துகொள்ள வேண்டும். பயிற்சியில் ஒரு அணிக்கு எதிராக ஆடினால் அது எழுந்து நிற்க நேரமாகிறது என்று, இரண்டு அணிகளை மாற்றி மாற்றி ஏவினார். ஒன்று விழுந்ததும் அடுத்தது தயாராக இருக்கும். சிறிய பள்ளியில் அவ்வளவு ஆட்களுக்கு எங்கே போவது? வாத்தியக் குழுவை அழைத்துக்கொண்டார். அந்த செப்டம்பரில் எங்கள் தடுப்பாட்டக்காரர்களை மிகவும் அலையவைத்தவன், டிராம்போன் வாசிப்பவன்.

இவையெல்லாம் போதாதென்று அவருக்கே தெரியும். "எழுபத்தொண்ணு இதுல அறுபதா கொறையும்" என்றார். மீதிப் பத்துக்கு வழி, ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்தபின் கோயில் வாசலில் கிடைத்தது.

எங்கள் ஊரில் விடைபெறுவது எளிய காரியமன்று. "சரி, வரேன்" என்று சொல்வது, இனிதான் பேச்சு தொடங்கப்போகிறது என்பதற்கு அடையாளம். அக்கா அன்று திருமதி பாவ்லிசெக்கிடம் "சரி, வரேன்" என்று முதன்முறை சொன்னபோது அத்தான் பிக்கப் வண்டியை முடுக்கினார். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஆறாவது முறை சொன்னபோது அணைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"முப்பத்தெட்டு நிமிஷம், லிடியா."

"இன்னைக்குக் கொறச்சல்தான், அத்தான்."

"அந்தம்மா கெளம்பணும்னு துடிக்கறா, பாத்தியா? அடுப்புல சாசேஜ் வச்சிட்டு வந்திருக்கா. மூணு தடவை திரும்பிட்டா. திரும்பும்போதெல்லாம் ஒங்கக்கா என்ன கேக்கறா?"

நான் கவனித்தேன். "அவங்க அம்மாவப் பத்தி."

"ஆங்" என்றார் அத்தான். வண்டியை மறுபடி முடுக்க அவருக்கு மனம் வரவில்லை. திருமதி பாவ்லிசெக்கையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே என் வீட்டுக்கு வந்து, குடும்ப ஏட்டைக் கேட்டார்.

விதி இதுதான்: தாக்கும் அணியின் பதினொரு பேரும் ஒரு நொடியாவது அசையாமல் வரிசையில் நின்றால்தான் அடுத்த நகர்வைத் தொடங்கலாம். பத்துப் பேர் மின்னலாக ஓடிவந்து நின்றாலும், பதினொன்றாமவன் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆகவே பதினொரு பேரின் வேகத்தையும் குறைக்க வேண்டியதில்லை. ஒருவன் நின்றால் போதும்.

"விழுந்தவனுக்குக் கையக் கொடுத்துத் தூக்கிவிடணும். தூசியத் தட்டிவிடணும். வீட்ல பெரியவங்க எப்படி இருக்காங்கன்னு கேக்கணும். அவ்ளோதான்" என்றார். "ஆனா பொதுவா கேட்டா, 'நல்லாருக்காங்க'ன்னுட்டு ஓடிருவான். குறிப்பா கேக்கணும். அதுக்குத்தான் நீ வேணும்."

 கிளேபர்ன் ஆட்டக்காரர் நாற்பது பேரில் இருபத்தாறு பேரின் குடும்ப விவரம் என்னிடம் இருந்தது. ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கும் குடும்பக் கூடுகைக்காக இதையெல்லாம் சேர்த்து வைப்பது என் கடமை. அதை விளையாட்டுக்குப் பயன்படுத்துவது முறையா என்ற கேள்வி எழுந்தது. எனவே மூன்று நிபந்தனைகள் விதித்தேன். பொய் கூடாது. குணமாகிவிட்ட நோய்களைப் பற்றி மட்டுமே கேட்க வேண்டும், துக்கத்தைத் தொடக்கூடாது. கேட்பவன் பதிலை நின்று கேட்க வேண்டும்.

"மூணாவதுதான் முக்கியம்" என்றார் அத்தான். "நின்னு கேட்டாத்தான் அவனும் நிப்பான்."

ஆட்டக்காரர்கள் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள்; அதன் சிறிய உறைக்குள் ஆட்ட ஏற்பாடுகளை எழுதிய அட்டை இருக்கும். மூன்றே ஏற்பாடுகள் என்றானபின் அந்த உறைகள் காலியாகத்தான் கிடந்தன. நான் என் கையால் அட்டைகளை எழுதினேன். கோல்பியின் அட்டையில் முதல் வரி: "72. டேரல் மிகுலென்கா. பாட்டி அல்பினா. இடுப்பு அறுவை, ஆகஸ்ட். நலம்."

பயிற்சியில் கோல்பிக்கு ஓர் ஐயம் வந்தது. "சார், பதில் சொல்லாமப் போயிட்டான்னா?"

"போகமாட்டான்."

"போனா?"

"பாட்டி எப்படி இருக்காங்கன்னு கேட்டும் பதில் சொல்லாமப் போறவன் இந்த ரெண்டு ஊர்லயும் இன்னும் பொறக்கல. அப்படி ஒருத்தன் பொறந்திருந்தா லிடியா எழுதி வச்சிருப்பா."

அக்டோபர் இருபத்துநான்காம் நாள், வெள்ளிக்கிழமை, எங்கள் மைதானம். ஆட்டத்துக்கு முன் அத்தான் நடுவரிடம் போய், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"விழுந்தவன் மேல படுத்துக் கெடக்கக்கூடாது, சரிங்களா சார்?"

"கூடாது."

"பந்தப் புடிச்சு வச்சுக்கக்கூடாது. தள்ளக்கூடாது. வழிய மறிக்கக்கூடாது."

"எதுவும் கூடாது, குபேனா. இருபது வருஷமா ஒங்களுக்குத் தெரியும்."

"கையக் கொடுத்து எழுப்பிவிட்டு, வீட்ல சௌக்கியமான்னு கேட்டா?"

நடுவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அத குத்தம்னு நான் விசில் ஊதினா, எங்கம்மா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டாங்க."

முதல் கால் பகுதியில் பையன்கள் எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்டார்கள். பந்தைச் சுமந்து ஓடுபவர்கள் நிற்கவில்லை. அவர்கள் ஓடப் பிறந்தவர்கள். ஒருவன் "சௌக்கியம், சௌக்கியம்" என்று ஓடிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான். பந்தை எறிபவன் அமாரில்லோவிலிருந்து குடிவந்த குடும்பம். அவனைப் பற்றி என்னிடம் ஒரு வரிகூட இல்லை. பன்னிரண்டு நிமிடத்தில் முடிய வேண்டிய எங்கள் மானம் பத்து நிமிடத்தில் முடிந்தது. கிளேபர்ன் இருபத்தொன்று. ஹென்ஷா உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்க்க நான் துணியவில்லை.

அத்தான் மட்டும் ஸ்கோர் பலகையைப் பார்க்கவே இல்லை. எதிரணியின் முன்வரிசையில் இடது பக்கம் நின்ற எழுபத்திரண்டாம் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். டேரல் மிகுலென்கா முந்நூறு பவுண்டு எடை. வழியை அடைத்து நின்று தன் ஆட்களைக் காப்பது அவன் பணி. ஒவ்வொரு முறையும், யார் மீது மோதினானோ அவனிடம் "மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒருமுறை எங்கள் பையன் ஒருவனின் ஷூ கழன்றபோது, அதை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

அத்தான் கோல்பியை அருகே கூப்பிட்டார். "மத்தவனையெல்லாம் விட்டுரு. அந்தப் புள்ளையத்தான் நல்லா வளத்திருக்காங்க."

அடுத்த மோதலில் இருவரும் விழுந்தார்கள். கோல்பி முதலில் எழுந்து கையை நீட்டினான்.

"ஒங்க அல்பினா பாட்டிக்கு இடுப்பு இப்போ எப்படி இருக்கு?"

டேரல் பாதி எழுந்த நிலையில் நின்றுவிட்டான். நெற்றியைச் சுருக்கினான். ஏதோ சொல்ல வாயெடுத்து, மூச்சு வாங்கி, "நல்லாருக்காங்க, கேட்டதுக்கு நன்றி" என்று முடித்துக்கொண்டான். ஆயினும் தன் இடத்துக்குப் போகும்போது இரண்டுமுறை திரும்பிப் பார்த்தான். நடையில் ஒரு குழப்பம் தெரிந்தது. பத்துப் பேர் காத்திருந்தார்கள். டெவ்லின் ஓரத்தில் நின்று கையைத் தட்டினார்.

இது நாங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. ஒவ்வொரு நகர்வுக்கும் நான்கு நொடி, ஐந்து நொடி. அந்த நொடிகளில் எங்கள் பையன்கள் மூச்சு வாங்கினார்கள். கடைக்கோடி ஆளைப் பார்த்தார்கள். மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள். இரண்டாம் பகுதியில் கிளேபர்ன் பதின்மூன்றுதான் எடுத்தது. ஒருமுறை எல்லைக்குள் புகுந்தபின் உதைக்கும் ஒற்றைப் புள்ளி உதையும் தவறிப்போயிற்று. அதற்கு நாங்கள் பொறுப்பல்ல. இடைவேளையில் முப்பத்துநான்கு.

இடைவேளையில் டெவ்லின் தன் பையன்களுக்கு வாய்ப்பூட்டுப் போட்டார் என்பது பின்னர் தெரிந்தது. ஐம்பது எடுக்கும் ஆட்டங்களில் திரும்பும் வழியில் பேருந்து மாட்டிறைச்சி விடுதியில் நிற்கும். எடுக்காவிட்டால் நேரே வீடு. இது அவர் வைத்திருந்த வழக்கம். "எவனாவது அந்தப் பசங்களோட ஒரு வார்த்த பேசினீங்க, திங்கட்கிழமை இருபது சுத்து" என்றாராம். டேரல் கையை உயர்த்தி, "பாட்டியப் பத்திக் கேட்டா, கோச்?" என்று கேட்டானாம். "பாட்டியாவது பூட்டியாவது, ஒண்ணும் கெடையாது" என்றாராம் அவர். கிளேபர்னில் இந்தச் சொல்லை அவ்வளவு எளிதில் மறக்கவில்லை.

மூன்றாம் பகுதியில் டேரல் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கோல்பி ஒவ்வொருமுறையும் கைகொடுத்து, "இடுப்பு பரவால்லையா? படியேறறாங்களா?" என்று கேட்கும்போது அவன் முகம் போன போக்கை நான் மேல்வரிசையிலிருந்தே கண்டேன். முள் தைத்த கால்போல் அவன் நாக்கு தவித்தது. தலையை இடவலமாக ஆட்டினான். ஒருமுறை விரலை உயர்த்தி ஏதோ சொல்லப்போய், டெவ்லினைப் பார்த்து அடங்கினான். பாட்டிக்கு உடல்நிலை மோசமாகிவிட்டதோ என்று பயந்தேன். துக்கத்தைத் தொடக்கூடாது என்று நிபந்தனை விதித்ததே நான்தான்.

மூன்றாம் பகுதியில் ஏழு. நான்காம் பகுதியில் ஏழு. கிளேபர்ன் நாற்பத்தெட்டு, நாங்கள் இருபத்தேழு.

வெற்றி தோல்வி முடிவாகிவிட்டது, ஐம்பது முடிவாகவில்லை. கடைசி நிமிடத்தில் பந்து அவர்களிடம். அவர்கள் ஓடி ஓடி எங்கள் எல்லைக்கோட்டுக்கு இரண்டு கஜ தூரத்துக்கு வந்துவிட்டார்கள். அங்கே பந்தோடு வந்தவனை மைதானத்துக்குள்ளேயே வீழ்த்தினோம். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பதினோரு நொடி. அதை நிறுத்தும் உரிமையையெல்லாம் டெவ்லின் முன்பே செலவழித்துவிட்டார். கம்பங்களுக்கிடையே உதைத்து மூன்று புள்ளி எடுக்கலாமென்றால், உதைப்பவனை உள்ளே அனுப்ப நேரமில்லை. இன்னொருமுறை வரிசையில் நின்று ஒரு தள்ளு தள்ளினால் ஐம்பத்துநான்கு. அதற்கு அவர்களுக்கு ஐந்து நொடி போதும்.

ஹென்ஷா எழுந்து நின்றுவிட்டார். அத்தான் ஒரு விதையை வாயில் போட்டார்; மெல்லவில்லை.

குவியலின் ஓரத்தில் டேரலும் கோல்பியும் கிடந்தார்கள். கோல்பி எழுந்தான். கையை நீட்டினான். அவனுக்குக் கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை, ஆகவே விடைபெற்றான்.

"சரி, வரேன். அல்பினா பாட்டிகிட்ட இடுப்பப் பத்திரமாப் பாத்துக்கச் சொல்லு."

டேரல் எழுந்தான். தன் இடத்தை நோக்கி இரண்டு எட்டு வைத்தான். பத்துப் பேர் நின்றுவிட்டார்கள். பந்தை எறிபவன் "டேரல்" என்று கத்தினான். எட்டு நொடி. டேரல் நின்றான். திரும்பினான். கோல்பியை நோக்கித் திரும்பி நடந்தான்.

"அல்பினா பாட்டிக்கு இடுப்பே இல்லப்பா."

"என்னது?"

"இடுப்புல ஒண்ணுமில்லங்கறேன். அவங்களுக்குக் கண்ணு. ஜூன்ல. புரை எடுத்தாங்க. இடுப்பு ஆக்னெஸ் பாட்டிக்கு."

"அது யாரு?"

"அவங்க அக்கா. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் அண்ணன் தம்பி ரெண்டு பேரக் கட்டிக்கிட்டாங்க. பெரியவர் எட்மண்ட், அவருக்கு ஆக்னெஸ். சின்னவர் அல்ஃபோன்ஸ், அவர்தான் எங்க தாத்தா —"

இங்கே கடிகாரம் முடிந்தது. டேரல் முடிக்கவில்லை. எட்மண்ட் வீடு எந்த வளைவில் இருக்கிறது என்பதுவரை சொல்லிவிட்டுத்தான் கோல்பியின் கையை விட்டான். டெவ்லின் தன் தொப்பியைத் தரையில் எறிந்து, பின்னர் தாமே குனிந்து எடுத்துக்கொண்டார். அந்தப் பேருந்து அன்று நேரே வீட்டுக்குப் போயிற்று.

ஹென்ஷா இறங்கிவந்து அத்தானின் முன் நின்றார். "நாப்பத்தெட்டு" என்றார். அத்தான், "ஆமாங்க சார்" என்றார். ஹென்ஷா இன்னும் ஏதோ சொல்ல விரும்பியவர்போல் நின்றார். அதற்குள் அத்தான், டாலஸில் அவருடைய தாயார் எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டார். ஹூஸ்டன் தம்பியைப் பற்றிய பேச்சு பிறகு எழவில்லை.

இப்போது என் பங்கு. நான் ஏட்டில் எழுதியது தவறு. ஆகஸ்ட் மாதம் செய்தி வந்தபோது "மிகுலென்கா வீட்டம்மாவுக்கு இடுப்பு" என்றுதான் சொன்னார்கள். எந்த மிகுலென்கா என்று நான் கேட்கவில்லை. ஆக்னெஸுக்கு எழுத வேண்டியதை அல்பினாவுக்கு எழுதிவிட்டேன். வேண்டுமென்றே செய்தேன் என்று எங்கள் ஊரில் பாராட்டுகிறார்கள். கிளேபர்னில் அதே காரணத்துக்காகத் தூற்றுகிறார்கள். அத்தான் இரு தரப்பாரையும் மறுப்பதில்லை. "லிடியாவுக்குத் தப்பா எழுதத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டு, கேட்டவர் தாமே முடிவுக்கு வரும்படி விட்டுவிடுகிறார். இது பிழை, வெறும் பிழை என்பதை இங்கே எழுத்தில் பதிகிறேன்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு, அட்டைகளைத் திருப்பிக் கொடுக்க அத்தான் என் வீட்டுக்கு வந்தார். மூன்றரைக்குப் பயிற்சி, இருபத்தெட்டு ஆண்டுகளில் அவர் ஒருநாளும் பயிற்சிக்குத் தாமதமாகப் போனதில்லை. அப்போது ஒரு கார் வந்து நின்றது. ஓட்டிவந்தவன் டேரல், இருபது சுற்றையும் பள்ளி திறப்பதற்கு முன்பே ஓடி முடித்துவிட்டானாம். பக்கத்திலிருந்து இறங்கியவர் அல்பினா மிகுலென்கா, வயது எழுபத்தொன்பது. கைப்பிடியைத் தொடாமல் என் வீட்டுப் படிகள் ஐந்தையும் ஏறினார். மேற்படியில் நின்று இடுப்பை ஒரு பக்கமும் மறுபக்கமும் ஒடித்துக் காட்டினார்.

"பாத்துக்கிட்டியா, லிடியா?"

"பாத்துக்கிட்டேன்மா."

"ஏட்டக் கொண்டா."

கொண்டுவந்தேன். கண்ணாடி இல்லாமலே என் பொடி எழுத்தைப் படித்தார். கண் அறுவை நன்றாக நடந்திருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. நான் அடித்துத் திருத்தி, தேதியிட்டேன். ஓரத்தில் தாமே கையொப்பமிட்டார். அத்தான் இதையெல்லாம் மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றேகால் ஆனதும், "சரி, வரேன்" என்று மெல்லப் படியிறங்கினார்.

பிக்கப் வண்டியில் ஏறி முடுக்கிவிட்டார். அதற்குள் அல்பினா படிகள் ஐந்தையும் இறங்கி, திறந்திருந்த ஜன்னல் விளிம்பில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டார்.

"எர்வின்."

"சொல்லுங்கம்மா."

"ஒங்கம்மாவுக்கு அந்த மூட்டுவலி இப்போ எப்படி இருக்கு?"

அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காரிலிருந்த டேரல் இருக்கையைப் பின்னுக்குச் சாய்த்து, கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டான். அவ்வளவு நல்ல வளர்ப்புள்ள பையன் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை.

அத்தான் வண்டியை அணைத்தார்.